மலையேறித் தங்கியவர்கள்

(திருப்பத்தூரில் செவிலிய மாணவிகளும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘ஜவ்வாது மலையின் ஏழைக் குழந்தைகளிடையே கிறிஸ்தவ ஊழியம்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பில் ‘ஏழை’ என்ற சொல்லைக் கண்டதும் என் கண் அதன்மேலேயே நின்றுவிட்டது. சாமையும் கேழ்வரகும் விளைகிற, பலாவும் சீத்தாவும் புளியும் நெல்லியும் காய்த்துக் குலுங்குகிற, செய்யாற்றையும் கமண்டல நாகநதியையும் ஈன்று கீழ்நாட்டு வயல்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிற ஒரு மலையின் மக்கள் எந்தக் காலத்தில், எவ்வாறு ஏழைகளானார்கள் என்பதை ஆராயாமல், அவர்களுக்கு நாம் செய்த உபகாரங்களை மட்டும் இம்மேடையில் வரிசையாக வாசித்துவிட்டுப் போவேனாகில், அது சொற்பொழிவாகாது, ஆண்டறிக்கையாகும். ஆண்டறிக்கைகளை எழுதுவதிலேயே என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி கழிந்தது; ஆகவே அதை இன்று தவிர்க்க விரும்புகிறேன்.

கீழ்நாட்டிலிருந்து வந்து பயிலும் மாணவர்களுக்காக மலையைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டங்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கும் இந்தத் தொடர், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். நாம் கூடியிருக்கும் இவ்வூர் வழியாக ஏறினால் புதூர்நாடு. அணைக்கட்டுப் பக்கமாக ஏறினால் பீஞ்சமந்தை. அங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துக்கொண்டு, அவர்களிடம் மலையாளத்தில் பேச முயன்ற ஓர் அதிகாரியை நான் அறிவேன். மலையை ஆள்பவர் என்பதே அதன் பொருள். பேசுவது நம் தமிழேதான். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்தார்கள் என்பது அவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. ஊர்க் கவுண்டரும் நாட்டாரும் கூடி வழக்குத் தீர்ப்பதும், காளியம்மனுக்கும் பெருமாளுக்கும் விழா எடுப்பதும், பெண்ணுக்குப் பரிசம் கொடுத்து மணம் முடிப்பதுமாக, தங்களுக்கென்று ஒரு சமுதாய ஒழுங்கை வகுத்துக்கொண்டு வாழ்ந்த ஜனங்கள் அவர்கள்.

அந்த ஒழுங்கு எங்கே குலைந்தது? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தில் தொடங்கினால் தவறாகாது. தலைமுறை தலைமுறையாக வெட்டி எரித்து விதைத்த நிலம் ‘ரிசர்வ்’ ஆனது. சந்தன மரம் சர்க்காருக்குச் சொந்தமானது. நேற்றுவரை தன் காட்டில் தேன் எடுத்தவன் இன்று அதே காட்டில் குற்றவாளியானான். அவனுடைய உரிமையை ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதிலும் தமிழ்நாட்டில் பட்டா கைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் தாமதமாயிற்று. இதற்கிடையில் சாமைக்கு விலை இல்லை. புளிக்கு வியாபாரி சொன்னதே விலை. மேஸ்திரி முன்பணத்தோடு மலையேறுகிறார். பணத்தை வாங்கிக்கொண்ட குடும்பம் கேரளத்துத் தோட்டத்துக்கோ, கர்நாடகத்துக் காப்பி எஸ்டேட்டுக்கோ, திருப்பூருக்கோ இறங்குகிறது. அதற்கும் கூடுதலாகக் கூலி தருவதாக ஆசை காட்டுகிறவர்கள் ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்ட அழைத்துப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலரின் துப்பாக்கிக்கு இரையான 20 பேரும் தமிழ்நாட்டார். அவர்களில் பலர் இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளைத்தான் ‘ஏழைக் குழந்தைகள்’ என்று நாம் அச்சிடுகிறோம்.

இனி ஊழியத்துக்கு வருகிறேன். அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1921ஆம் ஆண்டு இதே திருப்பத்தூரில், சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். பேட்டன் கம்பளி நூல் ஆலைகளையுடைய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கதர் உடுத்து, தரையில் அமர்ந்து, சைவ உணவு உண்டு, ‘சின்னண்ணன்’ என்று அழைக்கப்பட்டு வாழ்ந்தார், ஏசுதாசன் ‘பெரியண்ணன்’. துரையும் சேவகனுமாக இருந்த உறவு முறை அண்ணன் தம்பியாக மாறிய அந்த மாறுதல், அன்றைய மிஷன் பங்களாக்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு எவ்வளவு பெரியதென்று விளங்கும். கதர் உடையோடு நின்ற காரணத்துக்காகச் சின்னண்ணன் 1932இல் சென்னைத் தெருவில் காவலர் பீய்ச்சிய வண்ணநீரில் நனைந்தார் என்பதும், அது லண்டன் பாராளுமன்றம்வரை எட்டியது என்பதும் அக்காலப் பத்திரிகைச் செய்திகள். கோபுரத்தோடு திராவிடச் சிற்ப முறையில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இன்று மாலையே போய்ப் பாருங்கள். பிணி தீர்ப்பதும் கிராமங்களில் தொண்டு செய்வதும் அவர்களுடைய நித்திய தர்மமாக இருந்தன. ஆயினும் ஆசிரமம் அடிவாரத்தில் இருந்தது. அவர்களும் பிரமசாரிகளாக இருந்தார்கள். குடும்பத்தோடு மலைமேலேயே குடியேறி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணான ஒரு சரித்திரத்தைக் கேட்க வேண்டுமானால், இங்கிருந்து தெற்கே, இதே மலையாளி மக்கள் வாழும் கொல்லிமலைக்குப் போகவேண்டும்.

ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயரும், லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் பயின்ற எவ்லின் என்ற அவருடைய மனைவியும் 1913ஆம் ஆண்டு மணம் முடித்து அம்மலையில் குடியேறினார்கள். கீழ்நாட்டார் மலைக் காய்ச்சலுக்கு அஞ்சி இரவு தங்காத இடம் அது. ஏறிய ஆண்டுகளில் அவர்கள் சொன்ன சுவிசேஷத்தைக் கேட்டவர் அரிது. பூசாரியின் எதிர்ப்பு ஒருபுறம், ஜனங்களின் சந்தேகம் மறுபுறம். ஆனால் ஜெஸ்ஸி பிராண்டு பிரசங்கத்தோடு நிற்கிற மனிதர் அல்லர். தச்சு வேலை தெரிந்தவர், பட்டுப்பூச்சி வளர்க்கக் கற்றுக்கொடுத்தார், பள்ளிக்கூடங்கள் கட்டினார், பல் பிடுங்கினார். நரம்புச் சிலந்தி நோயால் கால் வீங்கி வந்தவர்களின் சதையிலிருந்து, அந்தப் புழுவை நாளுக்குச் சிறிதாக ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாக வெளியே எடுத்தார். அதோடு, கிணற்றில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு நீர் மொள்ளும் வழக்கமே நோயின் மூலம் என்று கண்டு, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் முனைந்தார். இந்தியா அந்நோயை முற்றிலும் ஒழித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில். கொல்லிமலையின் கிணற்றுச் சுவர்கள் அதற்கு எண்பது ஆண்டு முந்தியவை.

அப்பால் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா வந்தது. வீடு வீடாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய் ஊற்றிய அத்தம்பதியை, அத்தனை நாள் விலக்கிவைத்திருந்த பூசாரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரே அந்தக் காய்ச்சலில் வீழ்ந்து, பிழைக்கமாட்டோம் என்று தெரிந்த வேளையில், தம் பெண்குழந்தையை வளர்க்கும்படி இவர்கள் கையில் ஒப்படைத்தார். மலையின் மனம் அன்றுதான் திறந்தது என்று அச்சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அதை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். சாகிற தகப்பன் தன் பிள்ளையை ஒப்படைக்கத் தேர்ந்தெடுப்பது கொள்கையையா? பக்கத்துத் தெருவில் இருப்பவரையல்லவா! ஐந்தாண்டுக் காலம் மழையிலும் காய்ச்சலிலும் அவர்கள் அவருடைய அண்டைவீட்டாராக இருந்தார்கள். அதனால் அந்தப் பிள்ளை அங்கே போயிற்று.

இந்த இடத்தில், ஊழியச் சரித்திரம் எழுதுகிறவர்கள் விரைந்து தாண்டிவிடுகிற ஒரு செய்தியில் சற்று நிற்க விரும்புகிறேன். மலைப் பிள்ளைகளைத் தம் வீட்டில் வளர்த்த அந்தத் தாய், தாம் பெற்ற பிள்ளைகளை 1923இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று, உறவினர் வீட்டில் படிப்புக்காக விட்டுவிட்டுத் திரும்பினார். மூத்தவன் பாலுக்கு அப்போது ஒன்பது வயது. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்டு காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். ஆறு ஆண்டு தகப்பன் முகம் காணாத பையனுக்கு மரணத் தந்தி முதலில் வந்தது. மலையின் மரங்களையும் பறவைகளையும் வருணித்துத் தகப்பன் எழுதிய கடைசிக் கடிதம் கப்பலேறி அதற்குப் பின்பு வந்தது. அந்தப் பையன்தான் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டு. அவர் அடைந்த புகழ் அந்த ஆறு ஆண்டுப் பிரிவுக்கு ஈடாகுமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் படிக்க வைப்பது என்றால் என்ன என்பதை, விடுதிகளை நடத்தும் நாம் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டு யோசிக்கவேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

ஏனென்றால் நானும் ஒரு விடுதியில் வேலை பார்த்தவன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கிறிஸ்தவ விடுதி. பெயர் வேண்டாம். மலையிலிருந்து அறுபது பையன்கள். மூன்று வேளை சோறு, போர்வை, புத்தகம், காலை மாலை ஜெபம். வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்ப ஆண்டுக்கொரு புகைப்படம். புகைப்பட நாளில் பையன்களுக்குப் புதுச் சட்டை போடக்கூடாது, பழைய சட்டையே போடவேண்டும் என்று ஒரு விதி இருந்தது; அதன் தாத்பரியத்தை நான் விளக்கவேண்டியதில்லை. சாமை அறுப்புக் காலத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு விடியற்காலையில் காணாமற்போனான். அவனைத் திருப்பிக் கொண்டுவர என்னை அனுப்பினார்கள். அரை நாள் ஏறினேன். பையன் கொல்லையில், குருவியை விரட்ட ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு பரணில் உட்கார்ந்திருந்தான். தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போய்விட்டான், தாய் நிறைகர்ப்பிணி, கீழே இரண்டு குழந்தைகள். தாய் என்னை உட்காரச் சொல்லி, “சாரு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்களே” என்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். அந்தச் சாமையை உரலில் குத்தி உமி நீக்க அவளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘ஓடிப்போனான்’ என்று எழுதினேன். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தன் குடும்பத்தைத் தாங்கப் போயிருந்தான். அதற்கு என்னிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். நெடுநாள் கழித்தே அது என் மனத்தில் உறுத்தத் தொடங்கியது.

விடுதிகளை மூடிவிட வேண்டும் என்கிறேனா? அல்ல. அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் மிஷன் விடுதிகளும் இல்லாவிட்டால் இம்மலையில் ஒரு தலைமுறையே எழுத்தறியாது போயிருக்கும். விடுதியில் வார்டன் என்று ஒருவர் இருப்பது போலவே, பிள்ளைகளின் ஊர்களுக்கு ஏறி, தகப்பன் எங்கே போனான், மேஸ்திரியிடம் எவ்வளவு கடன், தாய் எத்தனை மாதம் என்று அறிந்துவர இன்னொருவர் இருக்கவேண்டும் என்கிறேன். அந்த இன்னொருவருக்குப் பணம் ஒதுக்கும்படி நான் மூன்று கமிட்டிகளில் வாதாடித் தோற்றேன். கட்டடத்துக்குப் பணம் கிடைத்தது.

மலையின் வேறொரு முகத்தையும் காட்டுகிறேன். ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் வருகிறது. விளக்கொளி குறைந்த இரவுக்காக 1968இல் அங்கே வானாய்வுக் கூடம் அமைத்தார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986இல் இயங்கத் தொடங்கியது. அந்நிலையத்துக்கு வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சிறு கீறலும் படாமல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிய திறமையை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மலைத்தொடரில், அணைக்கட்டை அடுத்த அல்லேரியில், 2023 மே மாதம் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதையில்லாத இடத்தில் நின்றுவிட்டது. அதன் பின்பு பல கிலோமீட்டர் தூரம் தாய் அந்தச் சடலத்தைக் கையில் ஏந்தி நடந்தாள். கண்ணாடி ஏறி முப்பத்தேழு ஆண்டு கழித்து, ஒரு வண்டி ஏறவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்குகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. செவிலிய மாணவிகளே, உங்கள் பாடப்புத்தகத்தில் இரத்தசோகை என்று ஓர் அத்தியாயம் உண்டே, அதன் முழுப் பொருளும் அந்தத் தூளிக்குள் இருக்கிறது.

மருத்துவ ஊழியம் இதை அறியாததன்று. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909இலேயே ஆஸ்பத்திரியில் நோயாளி வரட்டும் என்று காத்திராமல், சாலையோர மரத்தடிகளுக்கு மருந்துப் பெட்டியோடு போனார். அவர் வளர்த்த வேலூர் ஸ்தாபனத்தின் சமுதாய நலச் செவிலியர் இம்மலைக்கும் ஏறியிருக்கிறார்கள். ஆயினும் மாதம் ஒருமுறை வந்து போகும் வண்டிக்குப் பாம்பு காத்திருப்பதில்லை, பிரசவமும் காத்திருப்பதில்லை.

மதமாற்றத்தைப் பற்றி நான் வாய்திறக்கமாட்டேன் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அவர்களை ஏமாற்றுகிறேன். கஞ்சித் தொட்டியைக் காட்டி ஞானஸ்நானம் கொடுத்த காலமும் நம் திருச்சபை வரலாற்றில் உண்டு. பஞ்ச காலத்தில் சேர்ந்தவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்று நம்மவரே ஏளனமாக அழைத்ததும் உண்டு. பசித்தவன் சொல்லுகிற ‘ஆமென்’ எவ்வளவு தூரம் அவனுடையது என்பதை அவன் வயிறு நிறைந்த பிறகே அறியமுடியும். அதே வேளையில், மலையாளி ஒருவன் தன் புத்திக்குச் சரியென்று பட்டதை விசுவாசிக்க அவனுக்குப் பூரண உரிமை உண்டு; அப்படி விசுவாசித்தால் அவனுடைய பழங்குடி அந்தஸ்தும் போய்விடாது. பட்டியல் சாதியார் கிறிஸ்தவரானால் அந்த அந்தஸ்து போய்விடும் என்று 1950ஆம் ஆண்டின் ஆணை சொல்லுகிறது. பழங்குடியினருக்கு அத்தடை இல்லை. இதை மதமாற்றத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் மலையில் தவறாகவே சொல்லிவருகிறார்கள். காளியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போன பையனை விடுதியிலிருந்து நீக்குவது என் அபிப்பிராயத்தில் அநியாயம். அவன் போவது தெய்வத்தைக் காண மட்டுமல்ல. வேலைக்காகச் சிதறிப்போன தன் தகப்பனும் அண்ணனும் ஊருக்குத் திரும்பும் நாள் அது ஒன்றுதான்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நற்செய்தி வந்தது. இம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற இருபத்துமூன்று வயது மலையாளிப் பெண், பிரசவமான சில நாட்களில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்ச்சி பெற்றார். பத்திரிகைகள் அவருடைய மனவுறுதியைப் பாராட்டின; பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பச்சை உடம்புக்காரியை அவ்வளவு தூரம் பத்திரமாக அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்த வீட்டாரையும் நான் அந்தச் செய்தியில் கண்டேன். பிள்ளைக்கு உதவ நினைக்கிறவர் வீட்டைக் கைவிடலாகாது என்று நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துச் சொன்னதை, அவர்கள் ஒரே பயணத்தில் செய்து காட்டினார்கள்.

எவ்லின் அம்மையாரின் பிற்கால வரலாற்றைச் சொல்லி என் பேச்சை நிறுத்துகிறேன். அறுபது வயதைத் தாண்டி ஓய்வு பெறும் காலம் வந்தபோது, இனி மலையில் இருக்க வேண்டாம் என்று மிஷன் சொல்லிவிட்டது. அவர் ஓய்வும் பெற்றார், மலைக்கும் திரும்பினார். கணவர் ஏறக் கனவு கண்ட பிற மலைகளுக்கும், கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும், மட்டக் குதிரையின் மேல் போனார். விழுந்து எலும்பு முறிந்தும் போனார். முகம் பார்க்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அவ்வாறு கடைசிவரை இருக்கும்படி உங்களை நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பழந்துணியும் ஏற்றிக்கொண்டு போய், மாலைக்குள் இறங்கிவிடுகிற வேனில் மட்டும் ஏறாதீர்கள். படிப்பு முடிந்ததும் மூன்று ஆண்டு போய்த் தங்குங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும், இங்கிருந்து புதூர்நாட்டுக்கும் பேருந்து இருக்கிறது. அதற்குமேல் பல ஊர்களுக்கு நடக்கவேண்டும்.